ஆற்றோடு நடந்தால் ஊர் புரியும்

புதிய ஊருக்கு முதன்முறையாகச் செல்பவர் பெரும்பாலும் கைப்பேசியில் வரைபடத்தைத் திறப்பார். எந்தக் கடை எங்கே உள்ளது என்பதை அது காட்டிவிடும். ஆனால், அந்த ஊர் ஏன் அந்த இடத்தில் தோன்றியது என்பதை அது சொல்லாது. ஆற்றங்கரை நகரமாக இருந்தால், இக்கேள்விக்கான விடை ஆற்றிலேயே இருக்கும். உள்ளூர் நண்பர்களோடு ஒருநாள் ஆற்றை ஒட்டி நடந்தால் அவ்விடையை நாமே கண்டறியலாம். சிலாங்கூரின் அரச நகரமான கிள்ளான் இதற்கு நல்ல சான்றாகும்.

கோலாலம்பூரிலிருந்து கொமுட்டர் இரயிலில் கிள்ளான் நிலையத்தை அடையலாம். அருகிலேயே தெங்கு கிளானா சாலை உள்ளது. பூமாலைக் கடைகளும் புடவைக் கடைகளும் பலகாரக் கடைகளும் நிறைந்த இச்சாலையை மக்கள் ‘லிட்டல் இந்தியா’ என்கின்றனர். உள்ளூர் நண்பர்கள் முதலில் இங்குதான் பசியாற அழைத்துச் செல்வார்கள். பசியாறியதும் அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “ஆறு எந்தப் பக்கம்?”

ஆற்றை நோக்கி நடந்தால் ராஜா அப்துல்லா கிடங்கைக் காணலாம். இது 1850களில் கட்டப்பட்டது. அக்காலத்தில் உள்நாட்டுக்குச் செல்லச் சாலைகள் இல்லை. ஆறே சாலையாக இருந்தது. மேற்பகுதியில் தோண்டிய ஈயம் படகில் இறங்கி வந்தது; அரிசியும் பிற பொருள்களும் படகில் ஏறிச் சென்றன. இரண்டையும் வைப்பதற்குக் கிடங்கு தேவைப்பட்டது. ஆற்றின் கீழ்ப்பகுதியைக் கட்டுப்படுத்தியவரால் ஈயத்திற்கு வரி வாங்க முடிந்தது. ராஜா அப்துல்லாவுக்கும் ராஜா மஹாடிக்கும் இடையே 1867இல் மூண்ட போருக்கு இதுவே முக்கியக் காரணம். அப்போர் 1874 வரை நீடித்தது.

1857ஆம் ஆண்டில் 87 சீனத் தொழிலாளர்கள் ஈயம் தேடி இந்த ஆற்றின் வழியே படகில் அனுப்பப்பட்டனர். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் இடத்தில் அவர்கள் கரையேறி, காட்டுவழியே அம்பாங்கிற்கு நடந்தனர். ஒரு மாதத்திற்குள் மலேரியாக் காய்ச்சல் அவர்களுள் பலரைக் கொன்றது. 18 பேரே எஞ்சினர். ஆயினும், ஈயத் தொழில் நிற்கவில்லை. ஆறுகள் கூடும் அவ்விடத்தில் எழுந்த ஊரே கோலாலம்பூர். இன்று ஜமெக் பள்ளிவாசல் அங்கு நிற்கிறது. தலைநகரம் கிள்ளான் ஆற்றின் வழியே பிறந்தது என்றால் மிகையாகாது.

நகரின் தென்பகுதியையும் வடபகுதியையும் பாலங்கள் இணைக்கின்றன. அவற்றுள் பழைய கோத்தா பாலம் இரண்டு தளங்களைக் கொண்டது. மேல்தளம் வாகனங்களுக்காகவும் கீழ்த்தளம் நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுநருக்கும் அமைக்கப்பட்டது. நண்பகல் வெயிலுக்கு ஒதுங்கி, அங்கு நின்று ஆற்றைப் பார்க்கலாம்.

பிற்பகலில் மீண்டும் இரயிலேறி, ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள போர்ட் கிள்ளானுக்குச் செல்லலாம். பெரிய கப்பல்கள் ஆற்றுக்குள் வர இயலாததால், கடலோரத்தில் 1901இல் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. அதற்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயரிட்டனர். 1972இல்தான் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறியது. சதுப்பு நிலத்தில் அமைந்த அத்துறைமுகத்தை மலேரியா உடனே தாக்கியது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கான முக்கியச் சான்றை ரொனால்ட் ராஸ் 1897இல் இந்தியாவின் செகந்திராபாத் நகரில் கண்டிருந்தார். அந்த அறிவைக் கொண்டு, கிள்ளானில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடிகால்கள் வெட்டி வெளியேற்றச் செய்தார். காய்ச்சல் தணிந்தது, துறைமுகம் பிழைத்தது.

தமிழர் பலர் இந்நாட்டு மண்ணில் முதலில் கால் வைத்த இடங்களுள் இதுவும் ஒன்று. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் புறப்பட்ட ‘ரஜூலா’ போன்ற கப்பல்கள் பினாங்கிற்குப் பிறகு இங்கு நின்றன. நண்பரின் வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், தங்கள் குடும்பம் எப்படி இங்கு வந்தது என்று அவர்களைக் கேளுங்கள். எந்த வழிகாட்டி நூலிலும் இல்லாத வரலாறு கிடைக்கலாம்.

இவ்வளவு தந்த ஆறு இன்று எப்படி இருக்கிறது? ஏறத்தாழ 120 கிலோமீட்டர் ஓடிவரும் கிள்ளான் ஆறு, வழியிலுள்ள நகரங்களின் கழிவுகளையும் சுமந்து வருகிறது. கோலாலம்பூரின் கால்வாயில் வீசப்பட்ட நெகிழிப் புட்டி, அன்று ஈயம் வந்த அதே வழியில் மிதந்து கடலை அடைகிறது. இதைத் தடுக்க 2019 முதல் கிள்ளானில் மிதக்கும் குப்பைகளைச் சேகரிக்கும் தானியங்கிக் கலம் ஒன்று இயங்குகிறது. அது பயனுள்ள முயற்சியே. எனினும், ஆற்றில் விழுந்த குப்பையைத்தான் அதனால் எடுக்க முடியும். குப்பை விழாமல் தடுப்பது மக்களின் கையில் உள்ளது.

மாசுற்ற ஆறு மீளுமா என்னும் ஐயம் எழலாம். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம் இதற்கு விடை தருகிறது. 1986 நவம்பர் முதல் நாள், அந்நகருக்கு அருகிலிருந்த இரசாயனக் கிடங்கில் தீப்பிடித்தது. தீயை அணைக்கப் பயன்படுத்திய நீரோடு நச்சுப் பொருள்கள் ரைன் ஆற்றில் கலந்தன. மீன்கள் பெருமளவில் மடிந்தன. அடுத்த ஆண்டே ரைன் ஆறு பாயும் நாடுகள் கூடி, ஆற்றை மீட்கும் திட்டத்தை வகுத்தன. இன்று கோடைக்காலத்தில் பாசல் மக்கள் உடைகளை நீர்புகாப் பையில் கட்டிக்கொண்டு அதே ஆற்றில் நீந்துகின்றனர். இயந்திரமில்லாத படகுகள், ஆற்றின் குறுக்கே கட்டிய கம்பியைப் பற்றி, நீரோட்டத்தின் விசையாலேயே மக்களைக் கரை சேர்க்கின்றன.

கிள்ளான் ஆற்றையும் மீட்க முடியும். அதற்கு முதலில் அந்த ஆற்றை நாம் அறிந்திருக்க வேண்டும். அறியாத ஒன்றின்மீது அக்கறை பிறப்பதில்லை. அடுத்த முறை கிள்ளானுக்கு வரும் நண்பரைக் கடைத்தெருவோடு அனுப்பிவிடாதீர்கள். ஆற்றங்கரைக்கும் அழைத்துச் செல்லுங்கள்.