பிள்ளையின் முகம் தெரிகிறதா? மேடை விளக்குகளை ஆட்டுவிக்கும் பலகைக்குப் பின்னால் நடப்பது இதுதான்!

பள்ளி ஆண்டு விழாவில் மகள் ஆடிய நடனத்தை போனில் எடுத்து, வீட்டுக்கு வந்து போட்டுப் பார்க்கிறீர்கள். பாட்டு தெளிவாகக் கேட்கிறது. பின்னால் எல்.இ.டி திரை மின்னுகிறது. புகை கிளம்புகிறது, ஒளிக்கதிர்கள் சுழல்கின்றன. ஆனால் மகளின் முகம்? ஒரு நொடி ஊதா, அடுத்த நொடி பச்சை, அதற்கடுத்த நொடி இருட்டு. வாரக்கணக்கில் கண்ணாடி முன்னால் நின்று பழகிய அந்தச் சிரிப்பு வீடியோவில் எங்குமே இல்லை.

'லைட்டு போட்டவர் சரியில்லை' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஆனால், விளக்குகள் மட்டும் இருந்தால் முகம் தெரிந்துவிடாது. எந்த விளக்கு, எப்போது, எந்த அளவில், எவ்வளவு வேகத்தில் எரிய வேண்டும் என்பதை யாராவது முன்கூட்டியே உட்கார்ந்து பதிவு செய்திருக்க வேண்டும். அந்த வேலை நடக்கும் இடம்தான் மேடைக்கு எதிரே, கூட்டத்துக்குப் பின்னால் இருக்கும் லைட்டிங் போர்டு.

திருவள்ளூர் மாவட்டத்தில் மேடைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆடி பிறந்தால் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலில் தொடங்கி ஊருக்கு ஊர் அம்மன் திருவிழா. ஆயுத பூஜை வந்தால் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இயந்திரங்களுக்குச் சந்தனப் பொட்டு. ஆண்டுத் தொடக்கத்தில் பொன்னேரி, கவரைப்பேட்டை பக்கம் பள்ளி, கல்லூரி விழாக்கள். இத்தனை மேடைகளிலும் மைக் செட்டுக்குப் பக்கத்தில் இப்போது லைட்டிங் போர்டும் வந்துவிட்டது. அதை முறையாக அமைக்க என்னென்ன செய்ய வேண்டும்?

கரண்ட் அல்ல, எண்கள்!

போர்டில் ஏற்றி இறக்கும் குமிழ்கள் வழியாக விளக்குக்கு கரண்ட் போவதாகப் பலரும் நினைக்கிறார்கள். போவது எண்கள்தான். 1986-ல் அமெரிக்காவின் மேடைத் தொழில்நுட்ப அமைப்பு ஒன்று வகுத்த டி.எம்.எக்ஸ் 512 என்ற முறையே இன்றும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு கேபிளில் 512 தடங்கள். ஒவ்வொரு தடத்திலும் 0 முதல் 255 வரை ஓர் எண். 0 என்றால் இருட்டு, 255 என்றால் முழு வெளிச்சம். 512 தடங்களும் நிறைந்திருந்தால்கூட, இந்த எண் வரிசை ஒரு நொடிக்குச் சுமார் 44 முறை போய்க்கொண்டே இருக்கும்.

ஒரு எல்.இ.டி பார் விளக்குக்கு வெளிச்ச அளவு, சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, மின்னல் வேகம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தடம் வேண்டும். தலையைத் திருப்பிச் சுழலும் ஷார்பி போன்ற விளக்குக்கு இடம் வலம், மேல் கீழ், நிறம், வடிவம் எல்லாம் சேர்ந்து 16 தடம் வரை தேவைப்படும்.

எனவே முதல் வேலை, ஒவ்வொரு விளக்குக்கும் கதவு எண் கொடுப்பது. வாடகை செட்டுகளில் அதிகம் காணப்படும் சிறிய போர்டு, '192' என்று அழைக்கப்படும் வகை. அதில் 12 பொத்தான்கள், பொத்தானுக்கு 16 தடங்கள். முன்னால் 8 எல்.இ.டி பார், பின்னால் 4 ஷார்பி உள்ள ஒரு மேடைக்குக் கணக்கு இப்படி வரும்: பார் விளக்குகளுக்கு 1, 17, 33, 49, 65, 81, 97, 113. ஷார்பிகளுக்கு 129, 145, 161, 177. பன்னிரண்டு பொத்தான்களும் சரியாக நிறைந்துவிடும்.

இந்த எண்ணை விளக்கின் முதுகில் உள்ள சிறு திரையில் ஒவ்வொன்றாக அமைக்க வேண்டும். இரண்டு விளக்குகளுக்கு ஒரே எண் விழுந்தால், இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல ஒன்றாகவே ஆடும். ஓர் எண் தள்ளிப் போனால், சிவப்பு கேட்டால் பச்சை வரும். டிரஸ்ஸில் ஏற்றிக் கட்டிய பிறகு தவறு தெரிந்தால், ஏணி போட்டு மறுபடி ஏற வேண்டியதுதான். அதனால், ஏற்றுவதற்கு முன் தரையிலேயே எண்ணை அமைத்து, ஒவ்வொன்றையும் எரியவிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

அடுத்தது கேபிள். போர்டிலிருந்து முதல் விளக்குக்கு, அங்கிருந்து இரண்டாவதற்கு, அதிலிருந்து மூன்றாவதற்கு என்று பூச்சரம்போலக் கோத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு சரத்தில் 32 கருவிகள் வரைதான் கணக்கு. அதற்கு மேல் போனால் சிக்னலைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டர் தேவை. கடைசி விளக்கில் 120 ஓம் டெர்மினேட்டரைச் செருகினால், சிக்னல் முட்டித் திரும்பி வந்து குழப்பாது. மைக் கேபிளின் முனையும் பார்க்க அதே மாதிரி மூன்று பின்னோடு இருப்பதால், அவசரத்துக்கு அதையே மாட்டிவிடுவது உண்டு. சிறிய தூரத்தில் ஓடிவிடும். தூரம் கூடினால் விளக்குகள் காரணமில்லாமல் வெட்டி வெட்டி எரியத் தொடங்கும்.

முகத்துக்கு ஒரு கணக்கு

இதுவரை செய்தது செட்டிங். புரோகிராமிங் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மேடை ஒளியைப் பாடமாக நடத்தியவர் ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ். 1932-ல் அவர் எழுதிய நூலில் சொன்ன முறை இன்றும் அரிச்சுவடி. நடிப்பவருக்கு முன்னால், இடமும் வலமுமாக, மேலிருந்து சுமார் 45 டிகிரி சாய்வில் இரண்டு விளக்குகள் வேண்டும். ஒன்று சற்று வெதுவெதுப்பான நிறம், இன்னொன்று சற்றுக் குளிர்ந்த நிறம். நேர் மேலிருந்து அடித்தால் கண்கள் குழி விழும். கீழிருந்து அடித்தால் பேய் வேஷம். நேர் எதிரிலிருந்து அடித்தால் முகம் தட்டையாகிவிடும்.

ஆக, முன் விளக்குகளின் வேலை முகத்தைக் காட்டுவது. அவை வெள்ளையாகவோ லேசான மஞ்சள் கலந்தோ, அசையாமல் நிலையாக இருக்க வேண்டும். நீலம், ஊதா, பச்சை எல்லாம் பின்னாலும் பக்கவாட்டிலும் விளையாடட்டும். சின்ன மேடைகளில் நடக்கும் பெரிய தவறு, எல்லா விளக்குகளையும் 'சவுண்ட் மோடில்' விட்டுவிடுவது. தாளம் அடிக்க அடிக்க விளக்குகள் தாமாகவே நிறம் மாறும். குத்துப் பாட்டுக்குப் பொருந்தலாம். அம்மனிடம் முறையிடும் பதத்துக்கு ஆடும் சிறுமியின் முகம் ஊதாவுக்கும் பச்சைக்கும் நடுவே தொலைந்துபோகும்.

புரோகிராம் செய்பவர் முதலில் ஒவ்வொரு காட்சிக்கும் ஒளியை அமைத்துப் பதிவு செய்கிறார். இறைவணக்கத்துக்கு ஒன்று, குழு நடனத்துக்கு ஒன்று, பேச்சாளருக்கு ஒன்று, பரிசளிப்புக்கு ஒன்று. பிறகு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக எத்தனை நொடி என்று முடிவு செய்கிறார். 5 நொடியில் மெல்ல விடியும் ஒளிக்கும், சட்டென்று வந்து விழும் ஒளிக்கும் அர்த்தமே வேறு. இந்தக் காட்சிகளை வரிசையாக அடுக்கி, ஒரு பொத்தானைத் தட்டினால் அடுத்தது வரும்படி வைப்பதைத்தான் 'க்யூ' என்கிறார்கள். எல்லாம் முடிந்ததும் பென் டிரைவில் ஒரு நகல் எடுத்துக்கொள்வது அவசியம். நடுவில் கரண்ட் போய் வந்தாலும் போர்டு உயிரோடு இருக்க, அதற்கென்று சிறிய யு.பி.எஸ் வைப்பதும் அப்படியே.

மாதவி காலத்துக் கவலை

கம்ப்யூட்டர் வந்த பிறகு பிறந்த அக்கறை அல்ல இது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில், மாதவி ஆடப்போகும் மேடைக்கு 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம் என்று அளவு சொல்லும் இளங்கோவடிகள், விளக்கையும் மறக்கவில்லை. தூண்களின் நிழல் அரங்குக்கு வெளியே போய் விழும்படி விளக்குகளை அமைத்ததாகச் சொல்கிறார். இன்று தூணுக்குப் பதில் டிரஸ்ஸின் இரும்புக் கால். கவலை மட்டும் மாறவில்லை.

தொண்டை மண்டலத்தின் திரௌபதி அம்மன் கோயில் கூத்துகள் தீவட்டி வெளிச்சத்திலும், பிறகு பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலும் விடிய விடிய நடந்தன. விளக்கு அசையாது. கூத்தாடிதான் வெளிச்சத்தைத் தேடி வந்து முகம் காட்டுவார். பின்னர், நவாப் ராஜமாணிக்கத்தின் தேவி பால விநோத சங்கீத சபாவும், 'இலங்கேஸ்வரன்' புகழ் ஆர்.எஸ்.மனோகரின் நேஷனல் தியேட்டர்ஸும் மேடைத் தந்திரக் காட்சிகளால் மக்களை வாய் பிளக்க வைத்தன. கல்கத்தாவில் 1959-ல் உத்பல் தத் அரங்கேற்றிய 'அங்கார்' நாடகத்தில், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறுவதை தபஸ் சென் வெறும் ஒளியைக் கொண்டே காட்டினார். மேடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை!

அவர்களிடம் நினைவாற்றல் உள்ள போர்டு கிடையாது. ஒவ்வொரு காட்சியிலும் கையால் ஏற்றி, கையால் இறக்கினார்கள். அமெரிக்காவின் பிராட்வேயிலேயே கம்ப்யூட்டர் போர்டு வந்தது 1975-ல்தான். 'எ கோரஸ் லைன்' என்ற இசை நாடகத்துக்காக தாரன் மஸ்ஸர் என்ற பெண் ஒளி வடிவமைப்பாளர் அதைக் கொண்டுவந்தார். கருவி மாறினாலும் பழையவர்களிடம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. கதையை முழுசாகத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவர்கள் விளக்கைத் தொட்டார்கள்.

உயிரோடு விளையாட வேண்டாம்

விளக்கு வேலையில் அழகைவிட முக்கியமானது பாதுகாப்பு. பழைய பார் கேன் ஒன்று 1,000 வாட் இழுக்கும். 24 பார் கேன் முழு வெளிச்சத்தில் எரிந்தால் 24 கிலோவாட். 230 வோல்ட்டில் அது 100 ஆம்பியருக்கு மேல். வீட்டு வயரிங்கோ, சின்ன ஜெனரேட்டரோ தாங்காது. 54 சிறு விளக்குகள், ஒவ்வொன்றும் 3 வாட் என்ற கணக்கில் வரும் எல்.இ.டி பார் 24 இருந்தாலும் சுமார் 4 கிலோவாட்தான். எல்.இ.டி வந்ததில் பெரிய நிம்மதி இது.

ஆனால், இரும்பு டிரஸ்ஸுக்கு முறையான எர்த் வேண்டும் என்பதில் எந்தச் சலுகையும் இல்லை. திறந்தவெளி மேடையில் திடீர் மழை வந்தால், விளக்கை அணைப்பதோடு நிற்காமல் மெயினையே நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொரு விளக்கும் கிளாம்ப்பில் தொங்குவதோடு, தனியாக ஒரு பாதுகாப்புக் கம்பியாலும் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். கீழே நிற்பது நம் பிள்ளைகள்.

சிப்காட் இளைஞர்களுக்கு ஒரு வாசல்

கும்மிடிப்பூண்டி தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் ஐ.டி.ஐ, டிப்ளமோ இளைஞர்களுக்கு இந்த வேலை அவ்வளவு அந்நியமில்லை. டி.எம்.எக்ஸ் சிக்னல் ஓடுவது ஆர்.எஸ் 485 என்ற மின் முறையில். ஆலைகளில் பி.எல்.சி-யும் சென்சாரும் பேசிக்கொள்ளப் பரவலாகப் பயன்படும் அதே முறை. ஒரு படி முடிந்ததும் அடுத்த படி என்று இயந்திரத்துக்கு எழுதும் வரிசைக்கும், மேடைக்கு எழுதும் க்யூ வரிசைக்கும் அடிப்படை ஒன்றுதான்.

பயிற்சிக்கு லட்சக்கணக்கில் போர்டு வாங்கவும் வேண்டாம். 'கியூ.எல்.சி பிளஸ்' என்ற திறந்த மூல மென்பொருளும், 'மேஜிக் கியூ' மென்பொருளும் லேப்டாப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. விளக்கே இல்லாமல், திரையில் ஒரு மேடையை அமைத்து இரவெல்லாம் பழகலாம். முறையாகப் படிக்க விரும்புவோருக்கு டெல்லி தேசிய நாடகப் பள்ளியும், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறையும் இருக்கின்றன.

விழா நடத்துபவர்கள் செய்ய வேண்டியவை

பந்தல், சவுண்ட், எல்.இ.டி திரை எல்லாம் முடிந்த பிறகு, கூட்டம் உட்காரத் தொடங்கும்போது மேடை கையில் கிடைத்தால், எந்தத் திறமைசாலியும் சவுண்ட் மோடைத்தான் தட்டுவார். விழாக் குழுவினரும் பெற்றோர் சங்கத்தினரும் நான்கு விஷயங்களை மட்டும் மனதில் வைத்தால் போதும்.

ஒன்று, நிகழ்ச்சி வரிசையை முந்தைய நாளே லைட்டிங் போர்டில் உட்காருபவரிடம் கொடுங்கள். பாட்டு, ஆடுபவர் எண்ணிக்கை, உடையின் நிறம் மூன்றும் அதில் இருக்கட்டும்.

இரண்டு, மேடையை இரண்டு மணி நேரம் அவருக்கென்று விட்டுக்கொடுங்கள். வெயிலில் விளக்கின் அளவு தெரியாது. பொழுது சாய்ந்த பிறகான நேரமாக இருந்தால் நல்லது.

மூன்று, ஒத்திகைக்கு ஒரு பிள்ளையை மேடையில் நிறுத்தி, போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள். கண்ணுக்கு நன்றாகத் தெரிவது கேமராவில் வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருக்கலாம். அங்கேயே திருத்திவிடலாம்.

நான்கு, கூலி பேசும்போது விளக்குகளின் எண்ணிக்கையை மட்டும் பேசாதீர்கள். புரோகிராம் செய்யும் நேரத்துக்கும் சேர்த்துப் பேசுங்கள். இருபது விளக்குகள் கண்டபடி சுழல்வதைவிட, எட்டு விளக்குகள் சரியான இடத்தில் நிற்பது மேல்.

இத்தனையும் சரியாக நடந்தால், விழா முடிந்து போகும் யாரும் விளக்கைப் பற்றிப் பேசமாட்டார்கள். 'உன் பொண்ணு என்னமா சிரிச்சா பாரு!' என்றுதான் பேசுவார்கள். போர்டுக்குப் பின்னால் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருப்பவருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அடுத்த விழாவில், போகிற போக்கில் அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.