காது மிஷினை அலமாரியில் பூட்டாதீர்கள்!

வாங்குவது பாதி வேலை... மூளையைப் பழக்குவதுதான் மீதி!

செம்பரம்பாக்கம் ஏரியை ஒட்டிய கிராமங்களில் இன்னமும் நெல் விளைகிறது. பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் சுற்றுவட்டாரத்தில் ஒரே வீட்டில் ஒருவர் நிலத்தைப் பார்ப்பார், இன்னொருவர் தொழிற்பேட்டைக்குப் போவார். டிராக்டர் சத்தமாக இருந்தாலும் பிரஸ் மிஷின் சத்தமாக இருந்தாலும் காதுக்குக் கெடுதல் ஒன்றுதான். வயது ஏற ஏற, 'என்ன சொன்னே?' என்ற கேள்வி அதிகமாகும். பிள்ளைகள் காது மிஷின் வாங்கித் தருவார்கள். 'ஒரே இரைச்சலா இருக்கு' என்று பத்தே நாளில் அது அலமாரிக்குப் போய்விடும். இதில் நஷ்டம் பணம் மட்டுமல்ல.

கேட்பது காது, புரிந்துகொள்வது மூளை

உள்காதில் சுமார் 15,000 முடி செல்கள் இருக்கின்றன. இவைதான் ஒலியை நரம்புக்கு மாற்றித் தருகின்றன. செத்துப்போனால் திரும்ப முளைக்காது. பெரும்பாலும் 'ஸ', 'ஷ' போன்ற கூர்மையான ஒலிகளைப் பிடிக்கும் செல்கள்தான் முதலில் போகும். அதனால்தான், 'பேசுறது கேட்குது, ஆனா புரியலை' என்கிறார்கள்.

பல வருடங்களாகச் சில ஒலிகளே வராமல் இருந்த மூளைக்குத் திடீரென்று மிக்ஸி, மின்விசிறி, பாத்திரச் சத்தம் எல்லாம் ஒன்றாக வந்தால் திணறத்தான் செய்யும். எது தேவை, எது தேவையில்லை என்று பிரிக்க மறுபடியும் பழக வேண்டும். அதற்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள்வரை ஆகலாம்.

மறதிக்கும் தொடர்பு உண்டு

முதுமை மறதி நோய்க்கு, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களை 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு பட்டியலிட்டது. கேட்கும் திறன் குறைவதும் அதில் ஒன்று. அதற்கு முந்தைய ஆண்டு, அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுவரையிலான 977 பேரை 3 ஆண்டுகள் கவனித்த ஆய்வு வெளியானது. காது மிஷினும் பயிற்சியும் பெற்றவர்களை, பொதுவான உடல்நல ஆலோசனை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால், மறதி வரும் ஆபத்து அதிகமுள்ளவர்களிடம் நினைவாற்றலும் சிந்திக்கும் திறனும் குறையும் வேகம் 48 சதவிகிதம் மட்டுப்பட்டது. அவர்களுக்குக் கிடைத்தது மிஷின் மட்டுமல்ல. ஆடியாலஜிஸ்ட்டின் தொடர் வழிகாட்டலும்தான்.

பழக்குவது எப்படி?

முதல் வாரம் அமைதியான அறையில், ஒருவரோடு மட்டும் பேசிப் பழகுங்கள். தினமும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சந்தை, கல்யாண மண்டபம் எல்லாம் கடைசியில். இரைச்சல் தாங்கவில்லை என்றால் மிஷினைக் கழற்றி எறியாமல், வாங்கிய இடத்துக்கே போய் அளவைச் சரிசெய்யச் சொல்லுங்கள். இரண்டு மூன்று முறை போகவேண்டி வருவது சகஜம்.

வீட்டில் உள்ளவர்கள் கத்த வேண்டாம். முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிதானமாகப் பேசினால் போதும்.

வயல்காட்டில் கவனம்

வியர்வையும் ஈரமும் மிஷினுக்கு எதிரி. இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். குளிக்கும்போதும் மருந்து தெளிக்கும்போதும் கழற்றிவிடுங்கள்.

டிராக்டர், பவர் டில்லர் ஓட்டும்போது மிஷினைக் கழற்றிவிட்டு, காதை முழுதாக மூடும் இயர் மஃப் போடுங்கள். 85 டெசிபெல் சத்தத்தில் 8 மணி நேரம்தான் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 94 டெசிபெலில் ஒரு மணி நேரம்தான்!

எங்கே போவது?

முதலில் அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். சில நேரம் காதுக்குள் அடைத்த அழுக்கே காரணமாக இருக்கும். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவமனையிலும் செவித்திறன் பரிசோதனைக்குத் தனித்துறை இருக்கிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை உள்ளவர்கள் அரசுத் திட்டத்தில் காது மிஷின் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆவடி, பூந்தமல்லி தாலுகாவினர் திருவள்ளூர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையும், அம்பத்தூர் தாலுகாவினர் சென்னை மாவட்ட அலுவலகத்தையும் அணுக வேண்டும்.

அலமாரியில் ஏற்கெனவே ஒரு மிஷின் தூங்குகிறதா? புதுப் பேட்டரி போட்டு, இந்த வாரமே ஆடியாலஜிஸ்ட்டிடம் எடுத்துச் செல்லுங்கள்.