மெனு பட்டனின் ஐந்து முகங்கள்

ஒரு இணையதளத்தின் மேலே வரிசையாக நிற்கும் மெனு பட்டன்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 'நூல்கள்' என்று அதற்குப் பெயர் இருக்கட்டும். சும்மா இருக்கும்போது ஒரு நிறம். மவுஸ் மேலே போனால் வேறு நிறம். அழுத்தும் கணத்தில் கொஞ்சம் உள்ளே போன மாதிரி ஒரு தோற்றம். கீபோர்டில் டேப் கீயைத் தட்டித் தட்டி அங்கே வந்து நின்றால் சுற்றி ஒரு கோடு. நூல்கள் பக்கத்திலேயே நீங்கள் இருந்தால் 'இங்கேதான் இருக்கிறீர்கள்' என்று சொல்ல இன்னொரு தோற்றம். ஆக, ஒரு பட்டனுக்கு ஐந்து முகம்.

மெனு தயாரித்துக் கொடுக்கும் மென்பொருள்களில் பலவற்றைத் திறந்து பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு முகத்துக்கு நிறமும் நிழலும் வளைவும் கொட்டிக் கிடக்கும். மீதி மூன்றும் ஏதோ ஒரு மூலையில் ஒளிந்திருக்கும், சிலதில் இருக்கவே இருக்காது. ஆனால் மவுஸ் பிடிக்க முடியாதவர், கண்பார்வை குறைந்தவர், வெயிலில் நின்று போன் பார்ப்பவர் எல்லாருக்கும் அந்தப் பட்டன் உதவுமா என்பதை இந்த ஓரத்து முகங்கள்தான் தீர்மானிக்கின்றன. அதனால் இந்தக் குறிப்பில் நிறத் தேர்வு பற்றிக் குறைவாகவும், யாரும் கவனிக்காத மற்ற விஷயங்கள் பற்றி அதிகமாகவும் பேசப் போகிறேன்.

முதலில் கொஞ்சம் பழங்கதை. 1996இல் நெட்ஸ்கேப் 3 வந்தபோது, பக்கத்தில் இருக்கும் ஒரு படத்தை ஜாவாஸ்கிரிப்ட் மூலம் மாற்ற முடிந்தது. மவுஸ் வந்தால் ஒரு படம் போய் இன்னொரு படம், விலகினால் பழைய படம். ரோலோவர் என்று பேர். டயல்-அப் காலம் என்பதால் இரண்டாவது படம் வந்து சேரவே சில நொடி ஆகும். எனவே எல்லாப் படங்களையும் முன்கூட்டியே இறக்கி வைக்க இன்னொரு ஸ்கிரிப்ட். மைக்ரோசாஃப்டின் ஃப்ரண்ட்பேஜில் ஆரம்பத்தில் 'ஹோவர் பட்டன்' என்று ஒன்று இருந்தது. ஒரு பட்டன் நிறம் மாற ஒரு ஜாவா ஆப்லெட்டே ஓடும்! கொசு அடிக்கக் கடப்பாரை. 2003 பதிப்பில் அதை எடுத்துவிட்டு 'இன்டராக்டிவ் பட்டன்' கொண்டுவந்தார்கள். பெயரை எழுதி, நிறம் தேர்ந்தெடுத்தால், சும்மா இருப்பதற்கு, மவுஸ் வருவதற்கு, அழுத்துவதற்கு என்று மூன்று படங்களை அதுவே வரைந்து, மாற்றும் ஸ்கிரிப்டையும் எழுதிவிடும். நிறைய பேர் தங்கள் முதல் தளத்தை இப்படித்தான் செய்தார்கள்.

தமிழ்த் தளங்களுக்குப் படப் பட்டன் மீது இன்னும் ஒரு காரணத்தால் ஆசை. யூனிகோடு பரவும் முன் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. டிஸ்கி, டாப், டாம் என்று பல முறைகள். வருகிறவரிடம் அந்த எழுத்துரு இல்லை என்றால் மெனு முழுக்க புரியாத குறிகளாகத் தெரியும். படமாகப் போட்டுவிட்டால் எல்லாருக்கும் தெரியும் இல்லையா? அன்றைக்கு அது நியாயமான முடிவுதான்.

அதன் விலை பிறகுதான் தெரிந்தது. ஓய்வு நேரத்தில் பழைய தமிழ்த் தளங்களை இணைய ஆவணக் காப்பகத்தில் தோண்டுவது எனக்கு ஒரு பழக்கம். ஓர் ஊரின் வரலாற்றை யாரோ ஒருவர் பொறுமையாகத் தொகுத்த தளம் ஒன்று கிடைத்தது. இடது பக்கம் ஏழு பட்டன்கள். ஏழும் படங்கள், ஒரு படமும் காப்பகத்தில் சேமிக்கப்படவில்லை. ஏழு காலிக் கட்டங்கள். படம் வராதபோது காட்ட வேண்டிய மாற்று வரியும் எழுதப்படவில்லை. கோப்புகளுக்குப் பெயர் வெறும் எண். ஒவ்வொன்றாகத் திறந்ததில் ஆறு பக்கம் இருந்தது. ஏழாவது பக்கம் சேமிக்கப்படவே இல்லை. அது கல்வெட்டா, குடும்ப மரமா, பள்ளிக்கூட வரலாறா? தலைப்புகூட மிஞ்சவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த ஃப்ரண்ட்பேஜ் ஆப்லெட் பட்டன் இன்று எந்த பிரவுசரிலும் ஓடாது, ஆனால் பட்டனின் பெயர் எச்டிஎம்எல் மூலத்தில் எழுத்தாகவே இருக்கும். திறந்து படித்துக்கொள்ளலாம். எழுத்து பிழைத்துவிடுகிறது, படம் போய்விடுகிறது. இன்று படப் பட்டன் செய்தால் தேடுபொறிக்கும், திரையை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருளுக்கும் இதே கதிதான். தோற்றத்தை எப்படி வேண்டுமானாலும் மாற்றுங்கள், பெயர் மட்டும் எழுத்தாகவே இருக்கட்டும். மற்ற எதையும்விட இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

இப்போது படமே தேவையில்லை. 1998 மே மாதம் வந்த சிஎஸ்எஸ் 2 ஹோவரையும் ஃபோகஸையும் கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் வளைந்த மூலைக்குப் படம்தான் வேண்டியிருந்தது. அதற்காகச் செய்த தந்திரங்கள் ரசிக்கத்தக்கவை. 2003இல் டக்ளஸ் போமன் எழுதிய 'ஸ்லைடிங் டோர்ஸ்' முறையில் இரண்டு படங்கள் கதவு போல ஒன்றன்மேல் ஒன்று நகரும், பெயர் நீளமானால் பட்டனும் நீளும். 2004இல் டேவ் ஷே எழுதிய 'ஸ்ப்ரைட்' முறையில் எல்லா முகங்களும் ஒரே படத்தில் இருக்கும், மவுஸ் வந்தால் படத்தின் வேறு பகுதியைக் காட்டினால் போதும், காத்திருக்க வேண்டியதில்லை. 2011இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 9 வளைந்த மூலையை ஆதரித்த பிறகு இந்தத் தந்திரங்களுக்கு மெனுவில் வேலை போய்விட்டது.

சரி, சிஎஸ்எஸ்ஸில் அந்த முகங்களை எழுதும்போது வரிசை முக்கியம். லிங்க், விசிட்டட், ஹோவர், ஃபோகஸ், ஆக்டிவ். இது மனப்பாடம் பண்ண வேண்டிய மந்திரம் இல்லை, காரணம் எளிது. இவை அனைத்துக்கும் ஒரே எடை. ஒரே எடை உள்ள விதிகள் மோதினால் கடைசியில் எழுதியது ஜெயிக்கும். பட்டனை மவுஸால் அழுத்தும் கணத்தில் அது ஹோவரிலும் இருக்கிறது, ஆக்டிவிலும் இருக்கிறது. ஹோவரைப் பின்னால் எழுதினால் அழுத்தும் தோற்றம் மவுஸ்காரர்கள் கண்ணில் படவே படாது.

விசிட்டட் பற்றி ஒரு கிளைக்கதை. ஏற்கெனவே போய்வந்த இணைப்புக்கு நிறம் தவிர வேறு எதை மாற்றினாலும் பிரவுசர் கண்டுகொள்ளாது. உங்கள் கோடில் தப்பில்லை, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். ஒரு தளம் ஆயிரம் முகவரிகளை மறைவாக எழுதி, எது 'போய்வந்த' தோற்றத்தில் இருக்கிறது என்று ஸ்கிரிப்ட் மூலம் பார்த்து, நீங்கள் எங்கெல்லாம் போனீர்கள் என்று உளவு பார்க்க முடிந்தது. 2010இல் மொசில்லாவின் டேவிட் பேரன் இதற்கு வழி சொன்னார்: நிறத்தை மட்டும் மாற்ற விடு, ஸ்கிரிப்ட் கேட்டால் 'போகவில்லை' என்று பொய் சொல். மற்ற பிரவுசர்களும் அதையே பின்பற்றின. மெனுவில் விசிட்டட் நிறமே தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். பாதி பட்டன் ஊதாவாக நின்றால் பார்ப்பவர் குழம்பத்தான் செய்வார்.

அடுத்தது குதிக்கும் மெனு. மவுஸ் வந்ததும் எழுத்தைத் தடிமனாக்குவார்கள். தடித்த எழுத்து அகலம் கூடுதல், எனவே பக்கத்துப் பட்டன் தள்ளிப் போகும். மவுஸை வரிசையில் ஓட்டினால் மெனுவே நடுங்கும். சுற்றுக்கோடு சேர்ப்பதும் இப்படித்தான். கோட்டின் 2 பிக்சல் நாலு பக்கமும் இடம் பிடிக்கும். தீர்வு சுலபம். சும்மா இருக்கும்போதே 2 பிக்சல் கோட்டை நிறமில்லாமல் போட்டு வையுங்கள், மவுஸ் வந்ததும் நிறத்தை மட்டும் கொடுங்கள். இதில் ஓர் உபரி லாபம் உண்டு. விண்டோஸில் ஹை கான்ட்ராஸ்ட் முறையில் கணினியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு நிழல்கள் எல்லாம் மறைந்துவிடும், ஆனால் அந்த நிறமில்லாத கோடு தானாகவே நிறம் பெற்றுத் தெரியும். நிழலை மட்டும் நம்பிச் செய்த பட்டன் அவர்களுக்குப் பட்டனாகவே தெரியாது.

கீபோர்ட் முகத்துக்கு வருவோம். டேப் அழுத்தினால் வரும் அந்தக் கோட்டை அசிங்கம் என்று எடுத்துவிடுவது ஒரு தொற்றுநோயாகவே பரவியது. எரிக் மேயர் வெளியிட்ட புகழ்பெற்ற ரீசெட் சிஎஸ்எஸ்ஸின் பழைய பதிப்பில் ஃபோகஸ் கோட்டை நீக்கும் ஒரு விதி இருந்தது. ஃபோகஸுக்கு நீங்களே ஒரு தோற்றம் எழுத மறக்காதீர்கள் என்று மேலேயே அவர் குறிப்பும் எழுதியிருந்தார். உலகம் விதியை எடுத்துக்கொண்டு குறிப்பை விட்டுவிட்டது. 2011 பதிப்பில் அந்த விதியையே அவர் எடுத்துவிட்டார். ஆனால் நகல் எடுத்தவர்களின் கோப்புகளில் அது இன்னும் வாழ்கிறது. கோடு இல்லை என்றால் கைநடுக்கத்தால் மவுஸ் பிடிக்க முடியாத ஒருவர், தான் மெனுவில் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் தட்டிக்கொண்டே போக வேண்டும். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதை.

மவுஸால் அழுத்தும்போதும் கோடு வருகிறதே என்பதுதான் வடிவமைப்பாளர்களின் புகார். அதற்கு 'ஃபோகஸ் விசிபிள்' வந்துவிட்டது. கீபோர்டில் வந்தால் கோடு, மவுஸில் வந்தால் இல்லை. 2022 மார்ச்சில் சஃபாரியும் சேர்ந்ததும் பெரிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வேலை செய்கிறது. இனி சாக்கு சொல்ல முடியாது.

நிறத்துக்கு ஒரே ஒரு கணக்கு சொல்கிறேன். அணுகல் வழிகாட்டு நெறிகள் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5க்கு 1 வேறுபாடு கேட்கின்றன. வெள்ளையில் 777 என்ற சாம்பல் நிறம் 4.48தான், மயிரிழையில் தோல்வி. மென்பொருளோடு வரும் 'நேர்த்தியான' சாம்பல் வார்ப்புருக்கள் பல இதைவிட வெளிறியவை. சும்மா இருக்கும் முகத்துக்குச் சோதித்துவிட்டு ஹோவர் முகத்தை விட்டுவிடாதீர்கள், அதற்கும் அதே கணக்குதான்.

தொடுதிரையில் ஹோவர் என்பதே இல்லை. இருந்தாலும் போன் பிரவுசர்கள் பாவனை செய்யும்: தொட்டதும் ஹோவர் நிறம் ஏறி, வேறு இடத்தைத் தொடும்வரை ஒட்டிக்கொண்டு நிற்கும். ஹோவர் விதிகளை 'மேலே மிதக்கும் வசதி உள்ள கருவிக்கு மட்டும்' என்ற மீடியா கொயரிக்குள் வைத்தால் பிரச்சினை தீரும். அளவும் கவனிக்க வேண்டும். ஆப்பிள் 44 புள்ளி என்கிறது, ஆண்ட்ராய்டு 48 என்கிறது. 2023இல் வந்த அணுகல் நெறி குறைந்தபட்சம் 24 பிக்சல் என்கிறது. விரல் மவுஸ் முனை இல்லையே.

தமிழ் மெனுவுக்குத் தனியாகச் சில. பட்டனுக்கு உயரத்தை எண்ணால் பூட்டாதீர்கள். ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த 32 பிக்சலில் மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரச் சுழியும் வெட்டுப்படும். உள்ளிடைவெளி கொடுத்து, உயரத்தை எழுத்தே தீர்மானிக்க விடுங்கள். வரி உயரம் 1.5க்குக் குறையாமல் இருந்தால் நல்லது. 'ஹோம்' நாலே நாலு ஆங்கில எழுத்து, 'தொடர்புகொள்ள' அப்படியா? அகலத்தையும் பூட்டக் கூடாது. ஆங்கிலத்தில் எழுத்துகளுக்கிடையே இடம் விடும் நாகரிகம் ஒன்று உண்டு, வார்ப்புருவோடு அதுவும் வந்துவிடும். தமிழில் அதைப் பூஜ்யம் ஆக்குங்கள். கொம்பும் எழுத்தும் தள்ளித் தள்ளி நின்றால் படிக்கவே பிடிக்காது.

இதையெல்லாம் எங்கே எழுதுவது? மென்பொருள் உருவாக்கிய கோப்புக்குள் நேரடியாகக் கை வைக்காதீர்கள், அடுத்த அப்டேட்டில் எல்லாம் அழிந்துவிடும். வேர்ட்பிரஸ் என்றால் கூடுதல் சிஎஸ்எஸ் பெட்டி அல்லது சைல்டு தீம். நீங்கள் எழுதியது எடுபடவில்லை என்றால், பிரவுசரின் டெவலப்பர் கருவியில் அந்தப் பட்டனைப் பிடித்து எந்த விதி ஜெயிக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அவர்களுடைய விதிக்கு எடை கூடுதலாக இருக்கும், உங்களுடையதிலும் ஒரு கிளாஸ் பெயரைச் சேர்த்தால் சரியாகிவிடும். 'இம்பார்டன்ட்' போட்டு ஜெயிப்பது கடைசி வழி. 'இங்கேதான் இருக்கிறீர்கள்' முகத்துக்கு வேர்ட்பிரஸ் அந்தப் பக்கத்துப் பட்டனுக்குத் தானாகவே ஒரு கிளாஸ் போட்டுவிடும், அதற்கு அலங்காரம் எழுதினால் போதும். அந்த அலங்காரம் நிறத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம், அடியில் ஒரு தடித்த கோடும் போடுங்கள். நிறக்குருடு உள்ளவருக்கு அந்தக் கோடுதான் தெரியும்.

எல்லாம் முடித்தபின் மவுஸைப் பிடுங்கி வைத்துவிட்டு, டேப் கீயும் என்டர் கீயும் மட்டும் கொண்டு மெனுவின் கடைசிப் பட்டன் வரை போய், திறந்து, திரும்பி வாருங்கள். பிறகு படங்களை நிறுத்திவிட்டு ஒருமுறை பக்கத்தைத் திறந்து பாருங்கள்.