காசு என்று எண்ணாதீர்கள்

லுணுகலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், விடிந்ததும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறும் தாய், பிள்ளை மடுவத்திலோ, லயத்து வாசலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் அம்மாயியிடமோ குழந்தையை விட்டுச் செல்கிறாள். கண்டதையெல்லாம் வாயிலிட்டுப் பார்க்கும் அப்பருவத்துச் சிசுவின் கையில் அன்றைக்கு அகப்படுவது ஊக்கா, பொத்தானா, காசா என்பது தெய்வாதீனம்.

இரைப்பையை எட்டிவிட்ட காசு பெரும்பாலும் சில தினங்களில் தானே வெளியேறிவிடும். அதனால் நம்மவர் வாழைப்பழத்தை ஊட்டிவிட்டுத் தைரியமாகக் காத்திருப்பதுண்டு. அந்தத் தைரியம் ரிமோட்டிலும் திருவிழாக் கடைப் பொம்மையிலும் இருக்கும் பொத்தான் பெட்டரியிடம் செல்லாது. 20 மில்லிமீட்டர் அகலமும் 3 வோல்ட் வலுவுமுள்ள அந்தத் தட்டு உணவுக்குழாயில் சிக்கினால், ஈரமான தசையினூடே மின்சாரம் பாய்ந்து, எதிர்மின் முனைப் பக்கத்தில் க்ஷாரம் பிறக்கிறது. வெற்றிலையில் சுண்ணாம்பு கூடினால் வாய் வெந்துபோவதை அம்மாயி அறிவாள். இதுவோ அதனினும் கொடியதாய், இரண்டே மணி நேரத்தில் தசையைப் பொசுக்கிவிடுகிறது. குழந்தை வீரிட்டு அழவேண்டுமென்பதில்லை. எச்சில் வடிய, உண்ண மறுத்து, இருமிக்கொண்டு கிடப்பதைத் தடிமன் என்றே எண்ணிவிடுகிறோம். எக்ஸ்ரேயிலும் அது காசைப் போலவே தோன்றும்; விளிம்பில் தெரியும் இரட்டை வளையமே அதைக் காட்டிக்கொடுக்கும்.

காலையில் விழுங்கியது மத்தியானக் கொழுந்து நிறுவைக்குப் பின்னரே தாய்க்குத் தெரியவருமாயின், பசறை வழியாக வளைந்து வளைந்து பதுளைக்குப் போகும் பாதையில் வண்டி ஏறுமுன்னரே அந்த இரண்டு மணி நேரம் கழிந்திருக்கும். ஆகையால், சந்தேகம் எழுந்த கணமே 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்கவேண்டும். வாந்தி எடுக்க வைக்கலாகாது. சோறோ பழமோ ஊட்டலாகாது. விழுங்கி 12 மணி நேரம் ஆகாதிருந்து, குழந்தைக்கு ஒரு வயதும் கடந்து, விழுங்கவும் முடியுமானால், பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் இரண்டு தேக்கரண்டித் தேன், ஆறு தடவை வரை, கொடுக்கலாம் என்கிறது நவீன வைத்தியம். பிபிலைப் பக்கத்துக் காட்டுத்தேன் நம் வீடுகளுக்குப் புதிதல்லவே! ஆனால் தேனைத் தேடிப் பிரயாணத்தைத் தாமதிக்கக் கூடாது.

கண்டதை விழுங்குவது இன்று நேற்றைய கதையன்று. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பணியாற்றிய செவாலியர் ஜாக்சன் என்னும் வைத்தியர், தொண்டைகளிலிருந்தும் சுவாசக் குழாய்களிலிருந்தும் எடுத்த 2,000க்கு மேற்பட்ட பொருள்களைச் சேமித்து வைத்தார். அவை இன்றும் அந்நகரின் மூட்டர் நூதனசாலையில் இருக்கின்றன. ஊக்கும் ஆணியும் கண்ட அப்பெரியவர் 1958இல் மறைந்தபோது, இந்தப் பெட்டரி வீட்டுப் பண்டமாகியிருக்கவில்லை.

மூடி தொலைந்து, ரப்பர் வளையம் சுற்றிய ரிமோட் இல்லாத லயம் அரிது. அதை இயக்கவும் சக்தியற்றதென்று ஜன்னலோரத்தில் கழற்றிவைத்த பழைய பெட்டரியிலும், குழந்தையின் தொண்டையைப் பொசுக்கும் சக்தி எஞ்சியிருக்கிறது.