டீலர்கள் தப்பித்துக்கொண்ட பொறி

அமெரிக்காவில் கார் வாங்குபவரிடம் ஷோரூமில் கையெழுத்துக்கு நீட்டும் காகிதக் கட்டில் பெரும்பாலும் ஒரு சர்வீஸ் ஒப்பந்தமும் இருக்கும். வாரன்டி முடிந்த பிறகு இன்ஜினோ கியர்பாக்ஸோ பழுதானால் செலவை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி, தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு விற்பது அது. இத்தகைய ஒப்பந்தங்கள் பலவற்றில் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. தகராறு வந்தால் நீதிமன்றப் படி ஏறக் கூடாது, தனியார் நடுவரிடம்தான் போக வேண்டும், அவர் சொல்வதே முடிவு. ஒரே குறையால் பாதிக்கப்பட்ட ஆயிரம் பேர் சேர்ந்து கூட்டு வழக்குப் போடவும் வழி கிடையாது. ‘இந்தப் பழுது ஒப்பந்தத்தில் அடங்காது’ என்று நிறுவனம் கையை விரிக்கும் நாளில்தான் பலருக்கு அப்படியொரு பத்தி இருப்பதே தெரியவரும்.

இந்த நிபந்தனை நியாயமானதுதானா என்று கேட்டால், டீலர்களே பதில் சொல்லியிருக்கிறார்கள். கார் தயாரிப்பாளர்கள் டீலர்ஷிப் ஒப்பந்தங்களில் இதையே புகுத்தியபோது டீலர்கள் கொதித்தார்கள். பேரம் பேச எங்களுக்குப் பலமில்லை, கையெழுத்துப் போடாவிட்டால் கடை போய்விடும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்திடம் முறையிட்டு, 2002-ல் சட்டமே வாங்கிவிட்டார்கள். தகராறு எழுந்த பிறகு இரு தரப்பும் எழுத்து மூலம் சம்மதித்தால் மட்டுமே அது நடுவரிடம் போகும். நடுவரும் தம் முடிவுக்கான காரணத்தை எழுதித் தர வேண்டும். சொந்த வக்கீல் வைத்துக்கொள்ள வசதியுள்ள வியாபாரிக்கே பலம் போதவில்லையென்றால், தவணையில் கார் எடுப்பவருக்கு எங்கிருந்து வரும்? ஆனால் அந்தச் சட்டம் டீலரோடு நின்றுவிட்டது. அவரிடம் கார் வாங்குபவரை அது எட்டவில்லை.

நிபந்தனை இரு தரப்புக்கும் பொதுதானே என்பார்கள். கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2015-ல் தீர்ப்பளித்த வழக்கொன்றைப் பார்க்கலாம். பழைய மெர்சிடிஸ் காரை 53,000 டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியவர், விற்ற நிறுவனம் தம்மை ஏமாற்றிவிட்டதாகத் தொடுத்த வழக்கு அது. ஒப்பந்தப்படி, நடுவர் ஒன்றுமே தராவிட்டாலோ 1,00,000 டாலருக்கு மேல் தந்தாலோ மேல்முறையீடு செய்யலாம். காகிதத்தில் இது சமம்தான். ஆனால் 40,000 டாலர் கேட்டவருக்கு 2,000 டாலர் கிடைத்தால், தொகை குறைவு என்று அவர் முறையிட முடியாது. தவணை தவறினால் காரைத் தூக்கிக்கொண்டு போக மட்டும் நிறுவனம் எந்த நடுவரையும் கேட்க வேண்டியதில்லை. கீழ்நிலை மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை அநியாயம் என்றது. உச்ச நீதிமன்றமோ, மனசாட்சிக்கு ஒவ்வாத அளவுக்கு இது ஒருதலைப்பட்சமல்ல என்று சொல்லி நிபந்தனையைக் காப்பாற்றிவிட்டது. நடுவர் ஒப்பந்தங்களைச் செல்லுபடியாக்கும் 1925-ம் ஆண்டின் மத்தியச் சட்டமும், கூட்டு வழக்குத் தடையை ஆதரித்த 2011-ம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இருக்கும்போது மாநில நீதிபதிகளால் பெரிதாக எதுவும் செய்துவிட முடியாது என்பதும் உண்மை.

நடுவர் முறையில் செலவு குறைவு, காலமும் மிச்சம் என்ற வாதத்தை நான் ஒதுக்கவில்லை. சிறிய தகராறுகளில் அது சரியாகவும் இருக்கலாம். அப்படியானால் கார் பழுதாகி நிற்கும்போது, இரண்டு வழிகளையும் எடைபோட்டு வாங்கியவரே நடுவரைத் தேர்ந்தெடுப்பாரே. முன்கூட்டியே ஏன் கட்டிப்போட வேண்டும்? கையெழுத்துப் போட்டதே சம்மதம் என்பதும் நிற்காது. அடித்துத் திருத்த இடம் தராத அச்சிட்ட படிவம் அது. நடுவர்கள் நேர்மையற்றவர்கள் என்று சொல்லவும் தேவையில்லை. நிறுவனம் திரும்பத் திரும்ப வரும் வாடிக்கையாளர், கார்க்காரர் ஒரே ஒரு முறை வருபவர். இந்த ஏற்றத்தாழ்வு போதாதா?

தகராறுக்குப் பிறகு வரும் சம்மதமே சம்மதம் என்ற கருத்து இந்தியச் சட்டத்திலும் உண்டு. 2015-ல் திருத்தப்பட்ட நடுவர் சட்டப்படி, நிறுவனத்தின் ஊழியரோ ஆலோசகரோ நடுவராக உட்கார முடியாது. தகராறு எழுந்த பின் இரு தரப்பும் எழுதிக்கொடுத்தால்தான் விலக்கு. இதைவிட முக்கியமானது, ஒப்பந்தத்தில் நடுவர் நிபந்தனை இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று எமார் எம்ஜிஎஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் உறுதிசெய்தது. ஆணையங்களில் மட்டும் தாமதமில்லையா என்று கேட்கலாம். இருக்கிறது; சட்டம் சொல்லும் மூன்று மாதக் கெடு பல வழக்குகளில் ஏட்டோடு சரி. ஆனாலும் 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, குடியிருக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்கோ சேவைக்கோ கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணமும் கிடையாது.