சூளையில் உலரும் மரத்தின் ஈரப்பதமும் அதனை அளவிடும் முறைகளும்

முன்னுரை

பச்சை மரத்தில் நீர் இரு நிலைகளில் தங்கியுள்ளது. உயிரணுக்களின் உள்வெளியில் நிற்பது கட்டற்ற நீர். அணுச்சுவரோடு பிணைந்திருப்பது பிணைநீர். கட்டற்ற நீர் முற்றும் நீங்கிப் பிணைநீர் மட்டும் எஞ்சும் நிலை நார்ச் செறிவுநிலை எனப்படும். பெரும்பாலான மரங்களில் இது 25 முதல் 30 விழுக்காட்டு ஈரப்பதத்தில் அமைகிறது. மரத்தின் இயல்பான சுருக்கம் இதற்குக் கீழேதான் தொடங்குகிறது. ஆதலால், சூளையின் வெப்பத்தை எப்பொழுது உயர்த்துவது என்னும் முடிவு ஈரப்பத அளவீட்டைச் சார்ந்தே நிற்கிறது. அளவீடு பிழைபட்டு வெப்பம் முந்திக்கொண்டால் பலகை வெடிக்கும்.

எடையிழப்பு முறை

ஈரப்பதம் உலர் எடையின் விழுக்காடாகக் கணக்கிடப்படுகிறது. 150 கிராம் எடையுள்ள துண்டு, ஏறத்தாழ 103 பாகை செல்சியசில் எடை மாறா நிலை எய்தும்வரை உலர்த்தப்பட்டு 100 கிராமாக நின்றால், அதன் ஈரப்பதம் 50 விழுக்காடு. இவ்வரையறையினால்தான் நீர்மிகுந்த மரத்தின் ஈரப்பதம் 100 விழுக்காட்டையும் கடக்கிறது.

இவ்வாறு உலர்த்திய துண்டு மீண்டும் பயன்படாது. எனவே சூளைக்குள் மாதிரிப் பலகைகள் வைக்கப்படுகின்றன. விரைந்து உலரும் முனைப்பகுதிகளை நீக்கியபின், மாதிரிப் பலகையின் இருபுறத்தையும் ஒட்டி மெல்லிய துண்டுகள் அறுத்துச் சோதிக்கப்படுகின்றன. அவற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடு எனில், 6 கிலோ எடையுள்ள மாதிரிப் பலகையின் உலர் எடை 4 கிலோ எனக் கொள்ளலாம். பின்னர் அது 4.8 கிலோவாகக் குறையும்போது ஈரப்பதம் 20 விழுக்காடு என்பது பெறப்படும்.

மின்தடை முறை

நார்ச் செறிவுநிலைக்குக் கீழே மரம் உலர உலர அதன் மின்தடை பன்மடங்கு பெருகுகிறது. பலகையில் இரு ஊசிகளைச் செலுத்தி இத்தடையை அளக்கும் கருவி, ஈரப்பதத்தை உடனே காட்டும். ஆயினும் அந்நிலைக்கு மேலே மின்தடையின் மாற்றம் சிறிதாகையால், அங்குக் கருவியின் அளவு நம்பத்தக்கதன்று. மேலும், சூடான மரம் மின்னை எளிதிற் கடத்தும். வெப்பநிலைத் திருத்தம் செய்யாவிடில், சூளையில் உள்ள பலகை உண்மையினும் ஈரமானதாகத் தோன்றும். மரவகைக்கேற்ற திருத்தமும் வேண்டற்பாலது.

ஊசியின் ஆழமும் கருதத்தக்கது. உலரும் பலகையின் புறப்பகுதி காய்ந்திருக்க, நடுப்பகுதி ஈரமாகவே இருக்கும். பலகைக் கனத்தில் நான்கில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரையிலான ஆழம் சராசரி அளவையொட்டி அமையும். நடுப்பகுதியின் ஈரத்தை அறிய, முனை தவிர ஏனைய பகுதி மின்காப்பிடப்பட்ட ஊசிகள் தேவை.

முடிவுரை

உலர்த்தலின் தொடக்கத்தில் தராசும், இறுதியில் மின்தடைக் கருவியும் துணைசெய்கின்றன. எம்முறையாயினும் சராசரி மட்டும் போதாது. மிகுந்த ஈரமுள்ள மாதிரிகளை அளவுகோலாகக் கொண்டு சூளையை நடத்தினால்தான் மெல்ல உலரும் பலகைகளும் சேதமின்றி வெளிவரும்.