சுழலாத விசிறி

டில்லியின் மே, ஜூன் மாதங்களை அறியாத தமிழ் மாணவர் நம்முள் இலர். மேற்கிலிருந்து 'லூ' என்னும் அனற்காற்று வீசும். புழுதியும் உடன் வரும். அந்நாளில், நால்வர் கூடி வாடகை பகிர்ந்து வாழும் அறையில் ஏ.சி. நின்றுவிட்டால் படிப்பும் நின்றுவிடும். மிஸ்திரி வருகிறார், மூடியைக் கழற்றிப் பார்க்கிறார், "மோட்டார் போய்விட்டது" என்கிறார். ஒரு மாதத்து உணவுச் செலவு அவர் கைக்கு மாறுகிறது. மோட்டார் உண்மையாகவே போயிற்றா? அதனை முறையாகத் துணிவது எப்படி என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுவரில் தொங்கும் உட்பெட்டிக்குள் உருளை வடிவான நீண்ட விசிறி ஒன்று இருக்கிறது. அதன் ஒரு முனையில் மோட்டாரும் மறு முனையில் ரப்பர் புஷ்ஷும் உள்ளன. அறையின் காற்றை இழுத்துக் குளிர்ந்த குழாய்களின்மேல் செலுத்துவது இவ்விசிறியின் வேலை. காற்று வராவிடில் குழாய்கள் வெப்பம் பெறா. அவற்றின் குளிர் 0 டிகிரிக்கும் கீழே இறங்கும். காற்றின் ஈரம் பனிக்கட்டியாக உறையும். பனியைக் கண்டதும் 'காஸ் குறைந்துவிட்டது' என்று முடிவு கட்டுவோர் பலர். காஸ் குறைந்தாலும் பனி படியும் என்பது உண்மையே. ஆயினும் முதலில் பார்க்க வேண்டியது காற்றோட்டத்தை. வடிகட்டி வலையில் புழுதி அடைத்திருந்தால், குற்றம் மோட்டாரிடமும் இல்லை, காஸிடமும் இல்லை. வலையைக் கழுவினால் போதும்.

அடுத்து, ரிமோட்டில் விசிறி மட்டும் ஓடும் நிலையைத் தேர்ந்து, வேகத்தை உச்சத்தில் வையுங்கள். ஈரம் நீக்கும் நிலையில் விசிறி தானாகவே வேகம் தணியும். அதைப் பழுதென்று எண்ணலாகாது. இப்போது மூன்றில் எது நிகழ்கிறது என்று கவனியுங்கள்: விசிறி அசையவே இல்லையா? முனகிக்கொண்டு மெல்லச் சுழல்கிறதா? சில நொடிகள் ஓடிப் பின் நின்று, விளக்கு மினுக்குகிறதா?

இனி மூடியைத் திறக்குமுன் ஓர் எச்சரிக்கை. ரிமோட்டில் நிறுத்துவது நிறுத்துவதன்று. சுவரிலுள்ள மின் இணைப்பையே துண்டிக்க வேண்டும். துண்டித்த பின்னும் மின்தேக்கியில் மின்னேற்றம் தங்கியிருக்கும். நமது 230 வோல்ட் மின்சாரத்தை நேர்மின்னாக மாற்றினால் ஏறக்குறைய 325 வோல்ட் ஆகும். அஃது உயிரைப் பறிக்க வல்லது. ஆதலின் சில நிமிடம் பொறுத்திருங்கள். உள்ளே அளவு எடுப்பதைப் பழகியவரிடமே விடுங்கள்.

மின்சாரம் அற்ற நிலையில் விசிறியை விரலால் சுழற்றினால் அது தடையின்றிச் சுற்ற வேண்டும். இறுகியிருந்தால் பேரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது புஷ் உலர்ந்திருக்கலாம். கையால் எளிதில் சுற்றுகிறது, மின்சாரம் கொடுத்தால் முனகுகிறது என்றால், முதல் ஐயம் மின்தேக்கியின்மேல் விழ வேண்டும். கடைகளில் இதனைக் கெபாசிட்டர் என்பர்.

அதற்குக் காரணம் இது. திரிகையின் கைப்பிடியை முன்னும் பின்னும் மட்டும் தள்ளி இழுத்தால் கல் சுற்றுமா? உரிய நேரத்தில் பக்கவாட்டிலும் ஒரு தள்ளு வேண்டும். வீட்டு மின்சாரத்தின் காந்தப்புலமும் இவ்வாறே முன்னும் பின்னும் மட்டும் ஆடுவது. நேரத்தால் வேறுபட்ட இரு மின்னோட்டங்கள் சேர்ந்தால் சுழலும் காந்தப்புலம் உண்டாகும் என்னும் கருத்தின்மேல் அமைந்த மோட்டாருக்கு நிக்கோலா டெஸ்லா 1888இல் காப்புரிமை பெற்றார். அந்த இரண்டாம் தள்ளை நம் மோட்டாருக்குத் தருவது மின்தேக்கி. உள்விசிறிக்கு உரியது பெரும்பாலும் 1 முதல் 2 மைக்ரோபாரட் அளவே. குறித்த அளவினின்று அது வெகுவாகக் குறைந்திருந்தால் மாற்ற வேண்டியது அதனைத்தான். மோட்டாரின் விலையோடு நோக்க, இதன் விலை மிகச் சொற்பம்.

மின்தேக்கி நன்றாயின், மோட்டாரின் மூன்று கம்பிகளிடையே மின்தடையை அளக்கலாம். மூன்று அளவுகளில் பெரியது மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக இருக்கும். தொடர்பே காட்டாவிடில் சுருள் அறுந்திருக்கலாம். ஆனால் அளவு மீறிச் சூடானால் துண்டித்துக்கொள்ளும் காப்பும் உள்ளே உண்டு. ஆறவிட்டு மீண்டும் அளந்த பின்னரே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஓடிச் சில நொடிகளில் நிற்கும் விசிறியின் கதை வேறு. அதன் வேகத்தை உணர்ந்து மின்சுற்றுப் பலகைக்குச் செய்தி அனுப்பும் சிறு உறுப்பு ஒன்று மோட்டாரில் இருக்கிறது. எட்வின் ஹால் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது 1879இல் கண்ட விளைவே அதன் அடிப்படை. செய்தி வராவிடில், விசிறி ஓடவில்லை என்றெண்ணிப் பலகை அதனை நிறுத்திவிடும். அவ்வுறுப்புக்குரிய 5 வோல்ட் வருகிறதா என்று அளந்தால், குற்றம் பலகையுடையதா, மோட்டாருடையதா என்பது தெளிவாகும். மாறாக, நிறுத்திய பின்னும் விசிறி ஓயாமல் ஓடுமாயின் ஐயம் பலகையின்மேலே.

இன்வெர்ட்டர் வகை ஏ.சி.க்கள் பலவற்றில் உள்ள மோட்டாரோ ஐந்து கம்பிகள் உடைய நேர்மின் மோட்டார். இயக்கும் சுற்றும் அதனுள்ளேயே இருப்பதால் மேற்கூறிய மின்தடைச் சோதனை அதற்குப் பொருந்தாது. மின்சாரம் இருக்கும்போது அதன் இணைப்பைப் பிடுங்குவது நல்ல மோட்டாரையும் கெடுத்துவிடும்.

மிஸ்திரியோடு வழக்காடுவதற்காக இவற்றை எழுதவில்லை. வெயிலில் மாடி மாடியாக ஏறி இறங்கும் உழைப்பாளி அவர். அவரிடம் மூன்று கேள்விகள் பணிவாகக் கேளுங்கள்: காற்று வழி பார்த்தீர்களா? மின்தேக்கியை அளந்தீர்களா? சுருளை அளந்தீர்களா? மூன்றுக்கும் விடை கிடைத்த பின் மோட்டாரை மாற்றினால், அது காரணம் கண்டு செய்த செலவாகும்.